பத்தாவது மூட்டை

பஸ் நிற்கிறதே என்று தேநீர் குடிக்க இறங்கக் கூடாது. இதை நான் ஆந்திராவில் ஒருமுறையும் குஜராத்தில் ஒருமுறையும் கற்றுக்கொண்டவன். மூன்றாவது முறை கடலுக்கு இந்தப் பக்கம், புத்தளம் போகிற வழியில் மதுரங்குளிச் சந்தியில் கற்றேன்.

நோன்பு மாதம். கடைவாசலில் ஒரு பழைய பெட்ஷீட் தொங்கியது. அதற்குப் பின்னால் நின்று பிளேன்டீயை ஊதிக்கொண்டிருந்தபோது பஸ் கிளம்பிவிட்டது. என் துணிப்பை தோளில் இருந்தது. ஆனால் நான் எதற்காகக் கடல் தாண்டி வந்தேனோ அந்தச் சாக்குமூட்டை பஸ்ஸின் கடைசி சீட்டுக்கடியில் போய்க்கொண்டிருந்தது.

நான் பெரம்பலூர்ப் பக்கத்துக்காரன். எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவன். மக்காச்சோளம் உதிர்க்கும் மிஷினோடு அறுவடைக்கு அறுவடை ஊர்ஊராகப் போவது என் பிழைப்பு. எங்கள் முதலாளி பழைய மிஷின் ஒன்றை இந்தக் கரையில் இருக்கும் ஒரு ஹாஜியாருக்கு விற்றிருந்தார். அது மணியை உடைக்கிறது என்று போனுக்கு மேல் போன். உடைந்த மணியை வாங்க வருகிறவன் கழித்துவிடுவான். புது இரும்புப் பற்கள் ஒரு செட்டைச் சாக்கில் கட்டி, ஒரு வாரத்தில் சரிசெய்துவிட்டு வா என்று என்னை அனுப்பினார்.

சந்தியில் நின்ற ஆட்டோக்காரர் என் முகத்தைப் பார்த்ததுமே வண்டியை முடுக்கினார். நாற்பது வயதிருக்கும், பெயர் நிஸ்தார்.

"ஏறுங்க. பாலாவியில புடிக்கலாம். அந்த டிரைவர் அங்க நிப்பாட்டி உப்பு வாங்காம போகமாட்டான். மூட்டையில என்ன, தங்கமா?"

"பல்லுங்க."

"யார்ட பல்லு?"

"மிஷின் பல்லு."

பாலாவி வரைக்கும் சிரித்துக்கொண்டே ஓட்டினார். உப்பளங்களுக்குப் பக்கத்தில் பஸ் நின்றிருந்தது. டிரைவர் உண்மையிலேயே உப்பு வாங்கிக்கொண்டிருந்தார். மூட்டையை எடுத்துக்கொண்டு திரும்பும்போதுதான் நிஸ்தார் விவரம் கேட்டார். சோளம் உதிர்க்கிற மிஷின் என்றதும் சிரிப்பு நின்றுவிட்டது.

"எங்கட ஹாஜியார்ட மிஷினா? அப்ப நீங்க முதல்ல என்ட ராத்தாட ஊட்டுக்கு வரணும். ஹாஜியார் வண்ணாத்திவில்லுவில நிக்கிறார், பொழுதுபட்டுத்தான் வருவார்."

களப்பு என்று இங்கே சொல்லும் உப்பங்கழியின் ஓரமாக உள்ளே போனோம். ஊரின் பெயர் வேண்டாம். வழியெல்லாம் கோழிக் கொட்டகைகள். எங்கள் நாமக்கல் பக்கத்துக் கொட்டகைகள் போல நீளமில்லை, வீட்டுக்கு ஒன்றாகச் சின்னச் சின்னதாக இருந்தன. நான் எண்ணிக்கொண்டே வந்ததில் கோழி இருந்த கொட்டகை இரண்டுதான். ஒன்றில் ஆடு கட்டியிருந்தார்கள். ஒன்றில் இறால் வலை தொங்கியது. ஒன்றில் ஒருவர் நாற்காலி போட்டு உட்கார்ந்து ரேடியோ கேட்டுக்கொண்டிருந்தார்.

"அந்த ஆள்ட்ட ஆயிரம் கோழி நிண்டிச்சு. இப்ப அவர் மட்டும்தான் நிக்கிறார்" என்றார் நிஸ்தார்.

அவருடைய அக்கா பரீதா. கணவர் இறந்து நான்கு வருடம், பள்ளிக்கூடம் போகும் இரண்டு மகள்கள், முந்நூறு முட்டைக்கோழிகள். பாங்கு சொன்னதும் எனக்கும் ஒரு கோப்பைக் கஞ்சி வந்தது. இஞ்சியும் தேங்காய்ப்பாலும் ரம்பை இலையும் போட்டுக் காய்ச்சிய கஞ்சி. இரண்டு பேரீச்சம்பழம், ஒரு சமூசா. நோன்பில்லாத எனக்குத்தான் முதலில் கொடுத்தார்கள். பிறகு பரீதா அவித்த முட்டை ஒன்றைக் கத்தியால் இரண்டாக வெட்டி என் முன்னால் வைத்தார். மஞ்சள் கருவில் மஞ்சளே இல்லை. சுண்ணாம்பில் கொஞ்சம் பால் கலந்த நிறம்.

"பாருங்க தம்பி. கடைக்காரன் ஒடச்சிப் பார்த்துட்டு 'ராத்தா, இது சீக்குக் கோழிட முட்டை' எண்டு திருப்பி அனுப்புறான். சீக்கு ஒண்டும் இல்ல. சோளம் இல்ல, அவ்வளவுதான்."

தீனியை அவரே கலந்துகொள்கிறார். தவிடு கிடைக்கிறது. கருவாட்டுத் தூள் கற்பிட்டியிலிருந்து வருகிறது. சிப்பியைக் களப்பில் அள்ளி இடித்துக்கொள்ளலாம். பாதித் தீனி சோளமாக இருக்க வேண்டும், அதற்குத்தான் வழியில்லை. முன்பெல்லாம் அறுவடை நேரத்தில் ஹாஜியாரின் முற்றத்திலேயே போகம் முழுவதற்கும் வாங்கி வைத்துக்கொள்வாராம். ஸ்பிரிட் காய்ச்சும் கம்பெனிகள் சோளம் வாங்கத் தொடங்கிய பிறகு லொறி நேராக வயலுக்கே போய்விடுகிறது. கோழித்தீன் போடும் பெரிய ஆலைக்காரன் போட்டிபோட்டு வாங்குகிறான். சின்னக் கொட்டகைக்காரருக்குச் சிந்திய மணிகூட இல்லை.

"இந்த வருஷம் ஏழைகளுக்குக் குடுக்குற ஸக்காத்த சல்லிக் காசாத் தராம சோளமாவே தாறன் எண்டு ஹாஜியார் வாய்விட்டுச் செல்லி இரிக்கார். அது வந்தா சித்திர வரைக்கும் இழுத்திருவன். சித்திரையில கேக் அடிக்கிற காலம், முட்டைக்கு விலை வரும். அதால கெதியா அந்த மிஷினச் சரிபண்ணுங்க."

தீனி குறைந்த கோழி பக்கத்துக் கோழியைக் கொத்தும். பேசிக்கொண்டிருக்கும்போதே கொட்டகையில் அந்தச் சத்தம் கேட்டது. பரீதா விளக்குமாறை எடுத்துக்கொண்டு ஓடினார்.

மறுநாள் ஹாஜியாரோடு வண்ணாத்திவில்லு. அறுபது வயது, வெள்ளைத் தொப்பி, ரப்பர் செருப்பு. மதுரங்குளியில் கடை வைத்துச் சோளம் வாங்கி விற்றுக்கொண்டிருந்தவர், அதற்கு விலை வந்ததும் புத்தளத்துக்கு வடக்கே காட்டோரம் நிலம் குத்தகைக்கு எடுத்துவிட்டார். அவரைப்போல நிறையப் பேர். போன வருடம் புதர்ப் பற்றையாக இருந்த இடமெல்லாம் இந்த வருடம் சோளத் தட்டையாக நிற்கிறது என்றார். குத்தகை ஏறிவிட்டது, கூலி ஏறிவிட்டது, யானையும் இறங்கிவிட்டது. பாதி நிலத்தை யானை மிதித்திருந்தது. மின்வேலி போட்டதற்கான செலவைப் பற்றி அவர் பேச ஆரம்பித்தால் நிறுத்தமாட்டார். புதிய தகரக் கூரைகளைப் பார்த்துவிட்டு இந்தப் பக்கம் எல்லோரும் செழிப்பு என்று நான் நினைத்தது பாதிதான் சரி.

மிஷினில் முதலாளியின் குற்றம் ஒன்றும் இல்லை. பற்கள் தேய்ந்திருந்தன, டிரம்மை ஓட்டின வேகமும் அதிகம். பல் மாற்றி, சல்லடைக்கும் டிரம்முக்கும் இடைவெளியைக் கூட்டி, மத்தியானத்துக்குள் மணி முழுதாக விழவைத்தேன். ஹாஜியார் கையில் அள்ளிப் பார்த்து "மாஷா அல்லாஹ்" என்றார். சோளத் தூசி கழுத்தில் ஊறல் எடுக்கும். வேலையாட்கள் ஆறு பேரும் நோன்பாளிகள், தண்ணீர்கூட இல்லாமல் அந்தத் தூசியில் நின்றார்கள். நான் டிராக்டருக்குப் பின்னால் போய்த் திருடனைப் போலக் குடித்தேன்.

அப்போதுதான் அந்த வழக்கத்தைப் பார்த்தேன். ஒன்பது மூட்டை கட்டினதும் ஹாஜியார் கையை உயர்த்துவார். பத்தாவது மூட்டையை அவரே பிடித்து நிரப்பி, பச்சைக் கயிற்றால் வாய்கட்டித் தனியே வைப்பார். மழையை நம்பி விளைந்ததில் பத்தில் ஒன்று ஏழைகளுக்கு. அது பள்ளிவாசலின் பக்கத்து அறைக்குப் போய், அங்கிருந்து பிரியும். ஒரு வேலையாள் தூசியும் உமியுமாய் விழுந்த கடைசிக் குவியலை அந்த மூட்டைக்குள் தள்ளப் பார்த்தார். ஹாஜியார் அவர் கையைத் தட்டிவிட்டார்.

"அல்லாட பங்குக்குக் குப்பையா? நல்லதப் போடு."

எங்கள் ஊரில் கோயிலுக்கு அளக்கும் மூட்டை எது என்று எனக்குத் தெரியும். அந்த நிமிடத்தில் அவரை எனக்குப் பிடித்துப்போனது.

மூன்றாம் நாள் வாங்குபவர் வந்தார். சிலாபத்துப் பக்கத்துச் சிங்கள முதலாளி, கையில் ஈரம் பார்க்கும் கருவி. ஹாஜியாரும் அவரும் சிங்களத்தில் பேசினார்கள். என்னை அழைத்துப்போக வந்திருந்த நிஸ்தார் என் காதோரம் தமிழில் சொல்லிக்கொண்டே வந்தார்.

"லொறி நிறைய வேண்டும். இந்த மூட்டை போதாது."

"யானை மிதித்துவிட்டதே, முதலாளி."

"பாதி லொறிக்கு டீசல் எரிக்க எனக்கென்ன பைத்தியமா? நிறைந்தால் வருவேன், இல்லாவிட்டால் வேறு வயல் இருக்கிறது. அதோ தனியாக வைத்திருக்கிறீர்களே, அதையும் ஏற்றுங்கள்."

"அது பள்ளிக்குரியது."

"பள்ளி சோளமா தின்கிறது?"

ஹாஜியார் தலையை ஆட்டினார். சாராயத்துக்குப் போகிற இடத்துக்கு ஏழையின் பங்கை எப்படிக் கொடுப்பது என்றார். சொந்தச் சோளம் அதே இடத்துக்குப் போவதைப் பற்றி அவர் ஒன்றும் சொல்லவில்லை.

"யார் சொன்னது சாராயம் என்று? பெற்றோலில் கலக்கப் போகிறது. இந்தியாவில் எல்லாம் அப்படித்தான். இதோ இந்தியாக்காரன் நிற்கிறானே, கேட்டுப் பாருங்கள்."

அவர் என்னைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டினார். ஹாஜியார் என்னை நெடுநேரம் பார்த்தார், ஆனால் அங்கே கேட்கவில்லை.

திரும்பும் வழியில் ஒரு சிங்களத் தேநீர்க் கடையில் ரொட்டியும் கட்டைச் சம்பலும் சாப்பிட்டேன். காரம் காதுவழியாக வந்தது. நிஸ்தார் எதிரில் நோன்போடு உட்கார்ந்திருந்தார்.

"நீங்க சாப்புடுங்க. நான் பார்த்துட்டு இருக்கன். எனக்கு நன்மை கூடும்."

அடுத்த மேசையில் ஒரு கிழவர் கடைக்காரியிடம் புலம்பிக்கொண்டிருந்தார். நிஸ்தார் மொழிபெயர்த்தார்: "முன்பு கோழிப் பண்ணையில் வேலை. அது மூடிவிட்டது. இப்போது சோளக் காவல். கோழி என்னை ஒருநாளும் துரத்தியதில்லை."

நாலாம் நாள் பிற்பகல் அஸர் தொழுகைக்குப் பிறகு என்னைப் பள்ளிக்குக் கூப்பிட்டார்கள். ஹாஜியார்தான் பள்ளித் தலைவர். மௌலவியும் இன்னும் நான்கு பேரும் வெளி வராந்தாவில் பாயில் இருந்தார்கள். எனக்கு ஒரு பிளாஸ்டிக் நாற்காலி. நிஸ்தார் தூணில் சாய்ந்து நின்றார். பெண்கள் யாரும் இல்லை, பரீதாவும் இல்லை.

மௌலவி இளைஞர், மென்மையான குரல். "மதுவுக்குப் போறதெண்டா ஸக்காத் சோளத்த விக்க ஏலாது. அதுல பேச்சில்ல. எரிபொருளுக்கெண்டா விக்கலாம், சல்லியாப் பங்கு வைக்கலாம். நீங்க இந்தத் தொழில் தெரிஞ்ச ஆள். செல்லுங்க, இத பெற்றோல்ல கலக்குறது உண்மையா?"

"எங்க ஊர்ல கலக்குறாங்க, உண்மைதான்" என்றேன்.

அது பொய்யில்லை. எங்கள் பக்கத்துச் சோளமும் அப்படித்தான் போகிறது, நாமக்கல் கோழிக்காரர்களும் அதற்காகத்தான் கூச்சல் போடுகிறார்கள். இங்கே என்ன நடக்கிறதென்று எனக்குத் தெரியாது என்பதையும் சேர்த்துச் சொல்லியிருக்கலாம். கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லிவிட்டு வாயை மூடு என்று முதலாளிகளிடம் பழகியவன் நான். மூடிக்கொண்டேன்.

"அப்ப செரி" என்றார் ஹாஜியார் உடனே. அவ்வளவு வேகமாக அவர் எழுந்து நான் பார்த்ததில்லை.

நிஸ்தார் தூணைவிட்டு முன்னால் வந்தார். "ஹாஜியார், என்ட ராத்தாக்குச் சோளமாத் தாறன் எண்டு செல்லி இரிக்கீங்க."

"சோளத்துக்குப் பதிலாச் சல்லி, மகன். அதுவும் கூடுதலா வருது. அவளுக்கு நல்லதுதானே."

"சல்லியக் கோழி கொத்துமா?"

"சல்லி இரிந்தா எங்கயும் வாங்கலாம். வாயக் குடுக்காத, நோம்போட."

யாரோ ஒருவர் சிரித்தார். கூட்டம் முடிந்தது.

அன்றைக்கே லொறி வந்துவிட்டது. ஹாஜியாரின் முற்றத்து மூட்டைகளை ஏற்றியபிறகு பள்ளியின் பக்கத்து அறைக்கு வந்தார்கள். பச்சைக் கயிற்று மூட்டைகளையும் மேலே அடுக்கினார்கள். லொறியின் நிறைவு அதில்தான் வந்தது. ஏற்றுகிற இரண்டு ஆட்களும் சிங்களத்தில் பேசிச் சிரித்தார்கள். நிஸ்தார் என்னிடம் மெதுவாகச் சொன்னார்:

"'இதெல்லாம் கொஞ்ச நாளையில போத்தல்ல திரும்பி வரும். அப்ப நாமதான் குடிக்கணும்' எண்டு செல்றானுகள்."

ஹாஜியார் பத்தடி தூரத்தில் நின்றார். நிஸ்தாரைவிட நன்றாகச் சிங்களம் தெரிந்தவர். ஒரு மூட்டையின் மேல் வைத்திருந்த கையை எடுத்தார். பிறகு என்னிடம், "நீங்க செல்லித்தான் செஞ்சம்" என்றார். லொறி போய்விட்டது.

அடுத்த இரண்டு நாளும் எனக்கு வேலையில்லை. பள்ளியிலிருந்து உறையில் வந்த ஸக்காத் பணத்தோடு பரீதா சோளம் தேடப் புறப்பட்டார், நானும் ஆட்டோவில் ஏறிக்கொண்டேன். மதுரங்குளியில் கேட்டோம். புத்தளத்தில் தீன்கடை தீன்கடையாக ஏறி இறங்கினோம். ஒரு கடைக்காரர் வெறும் டப்பாவைக் கவிழ்த்துக் காட்டினார். "சோளமா? அதெல்லாம் வயலோட போகுது ராத்தா. ரெடிமேட் தீன் இரிக்கி, வேணுமா?" அதன் விலையைக் கேட்டுவிட்டு பரீதா கடையைவிட்டு இறங்கினார். அந்தத் தீனியைப் போட்டால் ஒவ்வொரு முட்டைக்கும் கையிலிருந்து கொடுக்க வேண்டும்.

களப்போரம் ஆட்டோவை நிறுத்தி நிஸ்தார் தொழப் போனார். காற்றாலைகள் சுற்றிக்கொண்டிருந்தன. நான் பள்ளியில் சொன்னதை பரீதாவிடம் சொன்னேன். தம்பி ஏற்கெனவே சொல்லியிருப்பான் என்று தெரியும், இருந்தாலும் என் வாயால் சொன்னேன்.

"நீங்க உங்கட ஊர்க் கதையச் செல்லி இரிக்கீங்க" என்றார். "அவங்களுக்கு ஒரு ஆள் வேண்டி இருந்திச்சு. நீங்க வந்தீங்க. நீங்க வராட்டி இன்னொருத்தன் வந்திருப்பான்."

அது ஆறுதலாக இல்லை. ஆறுதலுக்காக அவர் சொல்லவும் இல்லை.

பிறகு களப்பின் பக்கம் திரும்பிச் சொன்னார். "தொண்ணூறுல மன்னார்ல இருந்து முஸ்லிம்கள் எல்லாரையும் இயக்கம் போகச் செல்லக்குள்ள எனக்குப் பன்னெண்டு வயசு. உம்மா கோழிக்கூட்டத் திறந்துவிட்டுட்டுத்தான் வள்ளத்துல ஏறினா. அண்டைக்கு வெறுங்கை. இண்டைக்குக் கையில சல்லி இரிக்கு, ஒரு கிலோ சோளம் வாங்க ஏலாது. இது என்ன காலம் எண்டு எனக்கு வெளங்கல்ல."

அன்று மாலைக் கஞ்சிக்கு முட்டை இல்லை. கோழிகள் ஒன்றையொன்று கொத்தி இருபது செத்திருந்தன. மகள்கள் இருவரும் அவற்றைச் சாக்கில் போட்டுப் புதைக்கக் கொண்டுபோனார்கள். பரீதா போனை எடுத்து, இறைச்சிக் கோழி வாங்குகிறவரைக் கூப்பிட்டார். சிங்களத்தில் இரண்டே நிமிடப் பேச்சு. முட்டைக்கோழியில் சதை இல்லை, அதனால் விலையும் இல்லை என்பதை எந்த மொழியிலும் புரிந்துகொள்ளலாம்.

நான் ஊர் திரும்ப வேண்டிய நாளுக்கு முதல் நாள், காலையில் சின்ன லொறி வந்தது. பிளாஸ்டிக் கூடைகள். கோழியை இரண்டு காலைப் பிடித்துத் தலைகீழாகத் தூக்கி, ஒரு கைக்கு நான்காகத் திணிக்கிறார்கள். எங்கள் ஊரிலும் இதே கைதான், இதே வேகம்தான். நானும் பிடித்துக் கொடுத்தேன். ஒவ்வொரு கோழியும் காகிதம் போல லேசாக இருந்தது. கோழி வாங்குபவர் ஒவ்வொரு கூடையாகத் தராசில் வைத்து, முகத்தைச் சுளித்து, லொறியில் ஏற்றச் சொன்னார். ஹாஜியார் பள்ளிக்குப் போகிற வழியில் வேலிக்கு அப்பால் நின்றார். ஸலாம் சொன்னார். பரீதா பதில் ஸலாம் சொன்னார். ஹாஜியார் கொஞ்சநேரம் நின்றுவிட்டுப் போய்விட்டார்.

கொட்டகை காலியானபோது வெயில் ஏறிவிட்டது. லொறியின் பின்கதவை அடைக்கும் நேரத்தில், ஓரத்துக் கூடையில் நெருக்கி அடைபட்ட ஒரு கோழி முட்டையிட்டது. கூடைக் கம்பிகளுக்கிடையில் அது வெள்ளையாகத் தெரிந்தது. பரீதா பழக்கத்தில் கையை நுழைத்து எடுத்துவிட்டார். இன்னும் சூடாக இருந்திருக்க வேண்டும், உள்ளங்கையில் வைத்துக்கொண்டு நின்றார்.

லொறிக்காரர் ஏதோ சொன்னார். கடுமையாக இல்லை, சாதாரணமாகத்தான். நிஸ்தார் எனக்குச் சொல்லத் தயங்கினார். பிறகு சொன்னார்:

"கூடையோட நிறுத்தாச்சாம். அதுவும் அவங்கட கணக்காம்."

பரீதா கையைக் கம்பிகளுக்குள் விட்டு, முட்டை உடையாதபடி அந்தக் கோழிக்கடியிலேயே வைத்தார். லொறி தெருமுனை திரும்பும்வரை நின்றார். பிறகு கொட்டகைக்குள் போய், தரையைச் சுரண்டும் மண்வெட்டியை எடுத்துக்கொண்டு, எனக்கு ஒரு வாளியைக் காட்டினார்.

"களப்புல தண்ணி அள்ளிட்டு வாங்க தம்பி. காஞ்சா கழுவ ஏலாது."

நான் அள்ளிக்கொண்டு வந்தேன்.